வெட்டுத்துண்டு

விளக்குத்தூண் பக்கம் வெட்டுத்துண்டு என்றால்
எடைபோட்டு விற்கிற மிச்சத் துணி.
பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்
ஒரு கோடு வந்து
நட்டுவைத்த அச்சை எந்த உயரத்தில் வெட்டுகிறது
என்பது.

முப்பத்தாறு வயதில் தனித்தேர்வர் நான்.
ஜெய்ஹிந்துபுரத்தில் ஜாக்கெட் தைக்கிறேன்.
சாப்பாடு முடிந்து முதலாளி கண்ணயரும் இருபது நிமிடம்
மிஷின்மேல் புத்தகத்தைச் சாய்த்துவைப்பேன்.
y = mx + c.

எம் எனக்குப் பழக்கமான ஆள்.
கழுத்தடியிலிருந்து ஆறு இஞ்ச் நகர்ந்தால்
தோள் முக்கால் இஞ்ச் இறங்கும்.
இறக்கம் மேலே, நகர்ந்தது கீழே, வகுத்தால் அரைக்கால்.
இறங்குவதால் முன்னே ஒரு கழித்தல் குறி.
மாட்டுத்தாவணியில் பூமூட்டை தூக்கும் செல்லத்தாய்க்கு
வலத்தோள் மட்டும் ஒன்றேகால் இறங்கும்.
ஒரே உடம்பில் இரண்டு சாய்வு.
அதையும் வெட்டத் தெரியும் எனக்கு.

சி-தான் பிடிபடவில்லை.
பக்கத்தில் எக்ஸ் இல்லாமல்
கல்யாண வீட்டில் யார் பக்கத்து ஆள் என்று தெரியாதவர்போல்
ஓரமாய் நிற்கிற எழுத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் போன கரன்ட்
மாலைவரை வரவில்லை.
ஒரு ஜாக்கெட்கூடத் தைக்கவில்லை.
ஆனாலும் என் பேர்ப் பக்கத்தில் முதலாளி எழுதினார்:
மிஷின் வாடகை, நூல், கழித்தல் நூற்றிருபது.

அட, இதுதானா நீ.

எக்ஸ் பூச்சியமாய் இருக்கும்போது
நான் நிற்கிற இடம்.
ஒரு ஜாக்கெட்டுக்கு நாற்பது ரூபாய் கூலி;
நாற்பது எக்ஸ், கழித்தல் நூற்றிருபது.
தரைக்குக் கீழே புறப்பட்டு
மூன்றாவது ஜாக்கெட்டில்தான்
தரைக்கு வருகிறேன்.

பேப்பர் கட்டிங் தாளில்
தையல் சாக்கால் கோடு போட்டேன்.
அடுத்த மிஷின் ஜமீலாவுக்கும் ஒரு கோடு.
அதே நாற்பது. ஆனால் மிஷின் அவளுடையது,
நூலும் அவளே கொண்டுவருவாள்,
அவள் கோடு பூச்சியத்திலிருந்து கிளம்பியது.
இரண்டும் ஒரே சாய்வு,
தாள் முடிகிறவரை நடுவில் அதே நூற்றிருபது.

"நீ வேகமாத் தைச்சா?" என்றாள்.
வேகமாய்த் தைத்தால் என் கோட்டிலேயே
கொஞ்சம் தள்ளிப் போவேன், அவ்வளவுதான்.
"அப்ப ரேட்டைக் கேளு. நாப்பத்தஞ்சு."
போட்டுப் பார்த்தேன். கோடு நிமிர்ந்தது.
இருபத்து நாலாவது ஜாக்கெட்டில்
அவளைத் தொட்டுவிடுவேன்.
ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கை போகாது.
இருவரும் சிரித்ததில் முதலாளி விழித்துக்கொண்டார்.

பாடத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி:
செங்குத்துக் கோட்டை இந்த வடிவில் எழுத முடியாது.
அதன் சாய்வை வரையறுக்க இயலாது.

போன சித்திரையில் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி.
ஆட்டோ, வெளியே எடுத்த ஸ்கேன், இரண்டு யூனிட் ரத்தம்.
எக்ஸ் ஓர் இஞ்ச்கூட நகரவில்லை,
ஒய் மட்டும் நேராகக் கீழே போனது.
விடிந்தபோது
அவருடைய செருப்பு என் பையில் இருந்தது.

அந்த வரிக்குக் கீழே
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.
இயலாது என்று
ஒரு புத்தகமே ஒப்புக்கொள்வது
எவ்வளவோ ஆறுதல்.

செல்லத்தாய் வந்து போட்டுப் பார்த்தாள்.
கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினாள்.
"ரெண்டு தோளும் ஒண்ணு போலத் தெரியுதே"
என்றாள் சந்தேகமாக.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்.
இன்று மூன்றாவது ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கி
பதினொன்று ஐம்பதுக்கு விழுந்தது.
ஜமீலா, டீ சொல்லு.
தரைக்கு வந்துவிட்டேன்.